கணக்கும் காவலும்

நம் சங்கம் வெள்ளிவிழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு அன்பர்கள் பணித்தனர். வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் திண்டுக்கல் மலைக்கோட்டையையும் எண்ணுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. ‘டெவ்ஆப்ஸ்’ எனப்படும் கணிப்பொறித் தொழில் தோன்றி இன்னும் இருபது ஆண்டுகள் நிறையவில்லை. அதன் வரலாற்றை நம் சமுதாயத்தின் நெடிய வரலாற்றோடு பொருத்திக் காட்டி, அப்பணிக்கு நம் இளைஞரும் மங்கையரும் எவ்வாறு ஆயத்தமாதல் வேண்டும் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். புதுத் தொழிலுக்குப் பழைய வரலாறு எதற்கு என்று சிலர் வினவலாம். காரணம் உண்டு. அத்தொழில் எந்தச் சுவரை இடித்துப் பிறந்ததோ, அச்சுவரின் மறுபுறத்தில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்கள் நாம்.

கண்மாயும் கணக்கும்

வற்றாத ஆறு நம் திண்டுக்கல் சமவெளிக்கு வாய்க்கவில்லை. குடகனாறு மழையில் ஓடிக் கோடையில் மணலாகிவிடும். ஆகவே கண்மாய்களும் குளங்களுமே இவ்வட்டாரத்து உழவுக்கு உயிராக இருந்தன. அவற்றின் மடையைத் திறப்பது, அடைப்பது, வயல்தோறும் முறைவைத்து நீர் பாய்ச்சுவது, பெருமழை இரவுகளில் கரையில் விழித்திருப்பது ஆகிய பணிகளைச் செய்தவர்களை நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று தென்மாவட்டங்களில் ஊருக்கு ஒரு பெயரால் அழைத்தனர். அவர்களுள் மிகப் பலர் நம்மவர்கள். எந்த மடை எவ்வளவு திறந்தால் எத்தனை நாழிகையில் கடைசி வயலுக்கு நீர் சேரும், கரையில் எந்த இடம் கசியும் என்னும் அறிவெல்லாம் அவர்கள் கையிலும் காலிலும் இருந்தது.

ஆனால் எழுத்து அவர்களிடம் இல்லை. எந்த வயல் யாருடையது, யார் எவ்வளவு தீர்வை செலுத்த வேண்டும் என்பனவெல்லாம் கர்ணத்தின் கணக்கில் இருந்தன. கர்ணம் பதவியோ பரம்பரையாகச் சில குடும்பங்களுக்கே உரியதாக இருந்தது. காவல் ஒருவரிடம், கணக்கு மற்றொருவரிடம். உடைப்பு ஏற்பட்டால் பழி காவலுக்கு. விளைச்சல் மிகுந்தால் புகழ் கணக்குக்கு. நம் முன்னோர் அறிவில்லாதவர்களாக இருக்கவில்லை. அவர்களுடைய அறிவு எழுத்தில் ஏறாதவாறு தடுக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை இளைஞர்கள் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலிலும் இதே பிரிவினையைக் காணலாம். சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிய கைகள் ஒரு சாராருடையவை, விலையும் ஏற்றுமதியும் எழுதிய பேரேடு வேறொரு சாராருடையது. தோல் கழிவுநீரால் நிலமும் நீரும் கெட்ட செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 ஆகஸ்டு 28-இல் வந்த தீர்ப்பில் திண்டுக்கல் மாவட்டத் தொழிற்சாலைகளும் அடங்கின. குழியின் நீர் எவ்வளவு நச்சு என்பதைக் குழியில் நின்றவன் முதலில் அறிந்திருப்பான். ஆனால் அதை எழுதி அனுப்பும் நிலையில் அவன் இருக்கவில்லை.

1980-ஆம் ஆண்டில் தமிழக அரசு கர்ணம், முன்சீப் முதலிய பரம்பரைக் கிராமப் பதவிகளை ஒழித்தது. அவ்விடத்தில் தேர்வெழுதித் தேர்ச்சி பெறும் கிராம நிருவாக அலுவலர் பதவி வந்தது. தேர்வும் இட ஒதுக்கீடும் சேர்ந்து, நம் வீட்டுப் பிள்ளைகளும் ஊர்க் கணக்கை எழுதும் நாளைக் கொண்டுவந்தன. பிறப்பால் அடைபட்டிருந்த ஒரு வாயில் படிப்பால் திறந்தது. ஆயினும் ஒன்றைக் கருதுதல் வேண்டும். வாயில் திறந்த பின்னும் படித்திருந்தவரே உள்ளே செல்ல முடிந்தது.

அண்ணல் கேட்ட கல்வி

படிப்பு என்பது தானாக வந்ததன்று. 1894-இல் பண்டிதர் அயோத்திதாசரின் முயற்சியாலும் கர்னல் ஆல்காட்டின் துணையாலும் சென்னை அடையாற்றில் நம்மவர்க்கென இலவசப் பள்ளி எழுந்தது. 1920-ஐ ஒட்டிச் சென்னை மாகாணத்துத் தொழிலாளர் துறை, பிற பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்ட நம் குழந்தைகளுக்காகத் தனிப் பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கேதான் உள்ளது.

எழுத்தறிவோடு நின்றுவிட அண்ணல் அம்பேத்கர் ஒப்பவில்லை. 1942-இல், வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோர் குறைகளை விளக்கி வைசிராய்க்கு ஒரு விண்ணப்பம் அளித்தார். அதில், கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் மட்டும் நம் மக்களை உயர்த்தப் போதா, உயர்தர அறிவியல் கல்வியும் தொழில்நுட்பக் கல்வியுமே உயர்த்தும் என்று வாதிட்டார். அக்கல்விக்கு ஆகும் செலவை நம் பெற்றோரால் தாங்க இயலாது, ஆதலின் அரசே உதவ வேண்டும் என்றும் கேட்டார். அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்க்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்பதும் அவ்விண்ணப்பத்தில் உண்டு. அக்காலத்தின் உயர்ந்த இயந்திரங்கள் அச்சகத்திலும் இரயில்வேயிலும் இருந்தன. ஆகவே அவற்றைக் கேட்டார். 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை இன்றும் நம் மாணவர்க்குக் கிடைத்து வருகிறது.

இன்று அவ்விடத்தில் இருப்பது கணிப்பொறி. அண்ணலின் கேள்வியை இன்றைய இயந்திரத்தை நோக்கிக் கேட்பது நம் கடமை.

கணிப்பொறிக் கூடத்தில் ஒரு சுவர்

இந்தியாவுக்கு முதற் கணிப்பொறி 1955-இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தது. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பெரிய ஐ.பி.எம். கணிப்பொறி நிறுவப்பட்டது. அக்காலத்தில் நிரல் எழுதுவோர் அட்டைகளில் துளையிட்டுச் சாளரத்தின் வழியே உள்ளே கொடுத்துவிட்டுச் செல்வர். உள்ளேயிருக்கும் இயக்குநர் அதனை இயந்திரத்தில் ஓட்டி, விடையைத் தாளில் அச்சிட்டுத் தருவார். எழுதியவருக்கு இயந்திரத்தின் தொல்லை தெரியாது. இயக்கியவருக்கு எழுதியதன் பொருள் தெரியாது. இடையே இருந்த சாளரம் காலப்போக்கில் சுவராயிற்று.

2000-த்தில் சென்னையில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட காலத்திலும், உலகெங்கும் நிறுவனங்களில் இச்சுவர் நின்றது. எழுதும் பிரிவினர் நாள்தோறும் மாற்றம் செய்ய விரும்பினர். இயக்கும் பிரிவினரோ, மாற்றம் வந்தால் இயந்திரம் நின்றுவிடுமோ என அஞ்சி அதனைத் தடுத்தனர். நின்றுவிட்டால் இரவில் எழுந்து ஓடுபவர் இயக்குபவரே. பழியும் அவருக்கே. நம் கண்மாய்க் கதையை இங்கும் காண்கிறோம் அல்லவா?

2009-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில், பிளிக்கர் என்னும் நிழற்பட நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஆல்ஸ்பா, பால் ஹாமண்ட் ஆகிய இருவர், எழுதுவோரும் இயக்குவோரும் ஒன்றாகப் பணிபுரிந்தால் ஒரே நாளில் பத்து முறைக்கு மேலும் பாதுகாப்பாக மாற்றம் செய்யலாம் என்று தம் பட்டறிவைக் கொண்டு விளக்கினர். அதனால் ஊக்கம் பெற்ற பெல்ஜியம் நாட்டுப் பாட்ரிக் டெபுவா, அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் கெண்ட் நகரில் ஒரு கூட்டம் கூட்டினார். எழுதுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியையும் இயக்குதலைக் குறிக்கும் சொல்லின் முற்பகுதியையும் இணைத்து அதற்கு ‘டெவ்ஆப்ஸ் நாட்கள்’ எனப் பெயரிட்டார். கணக்கையும் காவலையும் ஒரே கையில் சேர்த்த தொழில் அவ்வாறு பெயர் பெற்றது.

தொழிலின் இயல்பு

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இப்பணியில் இருக்கிறார். “என்னதான் செய்கிறாய்?” என்று ஒருநாள் வினவினேன். “ஐயா, தேநீர்க் கடையில் கைப்பேசியால் பத்து ரூபாய் செலுத்துகிறீர்கள். அது நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. இத்தகைய பணிகளுக்குப் பின்னால், ‘சர்வர்’ எனப்படும் கணிப்பொறிகள் பெருங்கூடங்களில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அவற்றில் ஓடும் நிரலில் நாள்தோறும் திருத்தங்கள் செய்யப்படுகின்றன. ஒவ்வொரு திருத்தத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்பதோடு பதிந்து வைத்தல் வேண்டும். அது சரியா என்பதை இயந்திரமே சோதிக்குமாறு ஏற்பாடு செய்தல் வேண்டும். சோதனையில் தேறியதை முதலில் சில சர்வர்களிலும், பின்னர் எல்லாவற்றிலும் ஏற்றுதல் வேண்டும். ஏற்றிய பின் விழிப்புடன் கண்காணித்து, கேடு தோன்றின் பழைய நிலைக்கு உடனே திருப்புதல் வேண்டும். இவ்வளவையும் கையால் செய்யாமல், எழுதி வைத்த கட்டளைகளால் தாமே நடைபெறச் செய்பவரே டெவ்ஆப்ஸ் பொறியாளர்.

எழுதி வைக்காவிடில் நேர்வதற்கு ஒரு சான்று. 2012 ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்கப் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் என்னும் நிறுவனம் புதிய நிரலைத் தன் சர்வர்களில் ஏற்றியிருந்தது. எட்டுச் சர்வர்களில் ஒன்றில் ஏற்ற மறந்துவிட்டனர். அந்த ஒன்று பழைய நிரலை ஓட்டியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது. ஏற்றியதை இரண்டாம் ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் எழுத்து நடைமுறை அங்கு இல்லை என்று விசாரணை கண்டது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் அன்று விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். ஒரு மடையைத் தவறாகத் திறந்தால் ஊர் முழுதும் வெள்ளம் என்பது புதிய உலகிலும் உண்மையே.

இத்தொழிலில் நான் பெரிதும் மதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. கேடு நேர்ந்த பின் கூடி ஆராயும்போது, ‘யார் செய்தான்?’ என்று கேளாமல், ‘எந்த ஏற்பாடு இத்தவற்றுக்கு இடங்கொடுத்தது?’ என்று கேட்க வேண்டும் என்பதே அது. 2012-இல் ஆல்ஸ்பா எழுதிய கட்டுரை இம்முறையைப் பரவச் செய்தது. பழியெல்லாம் கீழே நிற்பவன் தலையில் இறங்கும் ஊர்களிலிருந்து வந்த நமக்கு, இதன் அருமை சொல்லாமலே விளங்கும். எல்லா நிறுவனமும் இதனைக் கடைப்பிடிக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேட்பதற்குரிய நெறி எழுத்தில் இருக்கிறது.

ஆயத்தம்

இத்தொழிலின் கருவிகளுள் முதன்மையானவை பல இலவசமாகக் கிடைப்பவை. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம், அவரே 2005-இல் படைத்த ‘கிட்’ என்னும் பதிவுக் கருவி, 2011 முதல் ஜென்கின்ஸ், 2012-இல் வந்த ஆன்சிபிள், 2013-இல் வந்த டாக்கர், 2014-இல் கூகுள் வெளியிட்ட குபர்நெட்டீஸ் ஆகியவற்றைக் காசின்றி இறக்கிக் கற்கலாம். கர்ணத்தின் ஏட்டைப்போல இவை பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரார்க்கு இதைவிட விளக்கம் வேண்டுவதில்லை.

ஆயினும் வரிசை தவறாமல் கற்றல் வேண்டும். முதலில் லினக்ஸ் கட்டளைகளையும், கணிப்பொறிகள் வலையமைப்பில் ஒன்றையொன்று எவ்வாறு கண்டறிகின்றன என்பதையும் கற்க. பழைய கணிப்பொறி ஒன்றே இதற்குப் போதும். அடுத்து பைத்தான் மொழியில் சிறு நிரல்கள் எழுதப் பழகுக. அதன்பின் கிட் கற்று, செய்த பயிற்சிகளையெல்லாம் நாள்தோறும் அதில் பதிக. பின்னரே டாக்கர், ஜென்கின்ஸ், ஆன்சிபிள் என ஏறி, நிறைவில் குபர்நெட்டீசும் ஏதேனும் ஒரு ‘கிளவுட்’ சேவையும் கற்க. அடித்தளமின்றிக் கடைசிக் கருவியின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்பவர் நேர்காணலின் இரண்டாம் வினாவிலேயே தடுமாறுவர்.

தமிழில் கற்க வழியில்லையே என்று வருந்துவோர்க்கு, 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழும் அதன் எளிய தமிழ் நூல்களும் உள்ளன. 2003-இல் தொடங்கிய என்.பி.டெல் வழியே ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். எனினும் கருவிகளின் விளக்கவுரைகளும் இயந்திரம் காட்டும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஆகவே நாளொன்றுக்கு ஒரு பக்கம் ஆங்கிலம் படித்துப் பொருள் எழுதுக. அழகாகப் பேசுவது பின்னர் வரும். படித்துப் பொருள் கொள்வதே முதல் தேவை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்க. இன்று எது நின்றது, ஏன் நின்றது, எவ்வாறு சரிசெய்தேன் என்று நாள்தோறும் எழுதுக. நம் பாட்டனார்க்கு மறுக்கப்பட்ட கணக்கு ஏடு அதுவே.

கல்வி வாயில்களும் பல. பத்தாம் வகுப்புக்குப்பின் பாலிடெக்னிக், அதன்பின் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டு என்பது செலவு குறைந்த வழி. பி.சி.ஏ., பி.எஸ்சி. படித்தோரும் இப்பணிக்கு வருகின்றனர். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் பயிற்சி தருகிறது. அவ்வாண்டே வந்த ‘புதுமைப் பெண்’, 2024-இல் வந்த ‘தமிழ்ப் புதல்வன்’ ஆகிய திட்டங்கள், தகுதியுடைய கல்லூரி மாணவர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் அளிக்கின்றன.

சில எச்சரிக்கைகள்

முதலாவது: படித்து முடித்தவுடனே டெவ்ஆப்ஸ் பொறியாளர் என்னும் பதவி கிடைப்பது அரிது. ஓடுகின்ற ஏற்பாட்டைப் புதியவர் கையில் எவரும் உடனே ஒப்படைக்க மாட்டார். சோதனைப் பிரிவிலோ, உதவிப் பிரிவிலோ, சர்வர் பராமரிப்பிலோ சேர்ந்து ஈராண்டு மூவாண்டு பயின்று அங்கிருந்து ஏறுதல் வேண்டும். அம்முதற்படியை இழிவாகக் கருத வேண்டா. அங்கேயே தங்கிவிடவும் வேண்டா.

இரண்டாவது: வேலை உறுதி என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்களை நம்பி ஏமாறுதல் கூடாது. என் மாணவன் ஒருவனின் தாயார் காதில் கிடந்த தோட்டை அடகுவைத்துப் பணம் கட்டினார். ஆறு திங்களில் அவன் கைக்கு வந்தது ஒரு சான்றிதழ் மட்டுமே. அத்தோடு மீட்கப்படவில்லை. அவனுக்கு நேரில் வழிகாட்ட என்னால் அன்று இயலவில்லை என்னும் குறை எனக்கு இன்றும் உண்டு. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அக்குறையே.

மூன்றாவது: தனியார் நிறுவனங்களில் நமக்கு இட ஒதுக்கீடு இல்லை. அறிமுகமும் பரிந்துரையும் அங்கே பல கதவுகளைத் திறக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு அத்தகைய உறவினர் அங்கே குறைவு. ஆகவே, செய்த வேலையை எவரும் காணும்படி பொதுவில் பதிந்து வைப்பது நமக்குக் கூடுதல் தேவை. ஒருவன் எழுதிய நிரல் ஓடுகிறதா இல்லையா என்பதை இயந்திரம் அவன் ஊரையோ தெருவையோ கேட்டுத் தீர்மானிப்பதில்லை. மனிதர் கேட்கக்கூடும். அதற்காகத் திறமையைப் பெருக்குவதோடு, தனியார் துறையிலும் உரிமை வேண்டும் என்னும் கோரிக்கையையும் நாம் கைவிடலாகாது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

நான்காவது: 2022 இறுதி முதல் நிரலைத் தானே எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவி வருகின்றன. இனி இத்தொழில் நிலைக்குமா என்று ஐயுறுவோர் உளர். எழுதும் வேகம் கூடுமானால் திருத்தங்கள் பெருகும். பெருகும் திருத்தங்களைச் சோதித்து, பொறுப்பேற்றுக் காப்பவரின் தேவையும் இருக்கும் என்பது என் கருத்து. ஆனால் சொன்னதை மட்டும் செய்பவர்க்கு இடம் குறையும். காரணம் அறிந்து செய்பவரே நிலைப்பர்.

சங்கத்தின் கடமை

கருவிகள் இலவசமாயினும், அமைதியான இடமும் மின்சாரமும் வழிகாட்டும் ஒருவரும் நம் வீடுகளில் இலவசமாகக் கிடைப்பதில்லை. ஓர் அறையில் ஐவர் வாழும் வீட்டில் இரவு படிக்க இயலாது. ஆதலின் சங்கத்தின் படிப்பகத்தில் நான்கைந்து பழைய கணிப்பொறிகளை லினக்ஸ் ஏற்றி வைப்பதும், இரவு பத்து மணி வரை அதனைத் திறந்து வைப்பதும், பெண் பிள்ளைகள் தடையின்றி வந்து செல்ல ஏற்பாடு செய்வதும் வெள்ளிவிழாவுக்கு ஏற்ற பணியாகும் என்று கருதுகிறேன். இத்துறையில் பணிபுரியும் நம் பிள்ளைகள் திங்களுக்கு ஒரு ஞாயிறு ஊர் வந்து, தம் பின்னவர்க்கு இரண்டு மணி நேரம் கற்பித்தால், தோடு அடகுக்குப் போகாது.

இளைஞர்களே! மங்கையரே! இரவில் விழித்திருந்து ஊரைக் காப்பது நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் கரையில் நின்று அதனைச் செய்தனர். அவர்கள் கையில் மண்வெட்டி இருந்தது, ஏடு இல்லை. உங்கள் கையில் இரண்டும் இருக்கட்டும். காவலோடு கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். பொன்விழா மலரில் இத்தொழிலைப் பற்றிய கட்டுரையை, அதில் தேர்ந்த உங்களுள் ஒருவரே எழுதுதல் வேண்டும். அதனைப் படிக்கும் நாளை எதிர்நோக்கி வாழ்த்துகிறேன்.